‘பிரச்சினையைத் தீர்க்கத் தெரியாத மாணவர்கள்’ என்னும் பொய்

உயர்கல்வி நிறுவனம் ஒன்றில் ஒடுக்கப்பட்ட சமூகத்து மாணவர் இறந்துபோகும் ஒவ்வொரு முறையும் நிர்வாகத் தரப்பிலிருந்து மூன்று வாக்கியங்கள் வருகின்றன. ‘எங்களிடம் எந்தப் புகாரும் வரவில்லை.’ ‘அவர் யாரிடமும் மனம் விட்டுப் பேசமாட்டார்.’ ‘படிப்பில் பின்தங்கியிருந்தார்.’ கொஞ்ச நாள் கழித்து நான்காவதாக ஒரு சுற்றறிக்கை வரும். மாணவர்களுக்கு ‘வாழ்க்கைத் திறன்’ பயிற்சி, ‘ஆளுமை மேம்பாட்டு’ப் பயிலரங்கு, ‘சிக்கல்களை எதிர்கொள்வது எப்படி’ என்று சிறப்புரை. அத்தோடு கோப்பு மூடப்படும்.

இந்த நான்குக்கும் அடியில் இருக்கும் கருத்து ஒன்றுதான்: பிரச்சினை நிறுவனத்தில் இல்லை, பிரச்சினையைத் தீர்க்கத் தெரியாத மாணவரிடம் இருக்கிறது. நெறியாளரோடு ஒத்துப்போகத் தெரியவில்லை, விடுதியில் நண்பர்களைப் பிடிக்கத் தெரியவில்லை, முறையாகப் புகார் கொடுக்கத் தெரியவில்லை. ‘மெரிட் இல்லை’ என்று நேற்றுவரை சொன்னவர்கள் இன்று ‘ஸ்கில் இல்லை’ என்கிறார்கள். சொல் மட்டும்தான் மாறியிருக்கிறது.

நான் கல்வி உளவியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். என் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள். இவர்கள் எந்த உளவியலின் பெயரால் இதையெல்லாம் சொல்கிறார்களோ, அந்த உளவியலே இவர்களுக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது என்பதை எடுத்து வைக்கவே இதை எழுதுகிறேன்.

ஆய்வுகள் சொல்வது என்ன?

முதலில் ஒரு சொல் விளக்கம். நம் பத்திரிகைகள் ‘மன அழுத்தம்’, ‘மன உளைச்சல்’, ‘விரக்தி’ எல்லாவற்றையும் ஒரே பொருளில் எழுதுகின்றன. நான் இங்கே பேசுவது மனச்சோர்வு பற்றி, அதாவது டிப்ரஷன். தேர்வுக்கு முந்தைய நாள் வரும் பதற்றத்தோடு அதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. வாரக்கணக்கில் நீடித்து, தூக்கத்தையும் பசியையும் கவனத்தையும் நம்பிக்கையையும் சேர்த்தே அரித்துவிடும் நோய் அது.

1979இல் இயான் காட்லிப், ராபர்ட் அசர்னோ என்ற இரு ஆய்வாளர்கள் பல்கலைக்கழக மாணவர்களிடம் இரண்டு விதமான சோதனைகளை வைத்தார்கள். ஒன்று, கலைந்து கிடக்கும் எழுத்துகளை அடுக்கிச் சொல் கண்டுபிடிக்கும் புதிர். மற்றொன்று, மனிதர்களுக்கு இடையே வரும் சிக்கலைத் தீர்க்கும் வழிகளைச் சொல்லும் சோதனை. புதிரில் மனச்சோர்வு உள்ள மாணவர்களுக்கும் மற்றவர்களுக்கும் வேறுபாடு தெரியவில்லை. மனிதச் சிக்கல் என்று வந்தபோதுதான் மனச்சோர்வு உள்ளவர்கள் பின்தங்கினார்கள். பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாம் ஒரே குரலில் பேசவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனாலும் ஆராய்ச்சி மாணவர்களோடு வாழ்ந்தவர்களுக்கு இந்த முடிவு புதிதாக இருக்காது.

எனக்குத் தெரிந்த ஓர் ஆய்வாளர் ஏழு மாதம் நெறியாளரின் அறைப் பக்கமே போகவில்லை. அதே ஏழு மாதத்தில் தன் தரவுகள் முழுவதையும் பிழையில்லாமல் பகுத்து அட்டவணை போட்டு முடித்திருந்தார். இரவு மூன்று மணிக்குக் கடினமான கணக்கைப் போட முடிந்தவருக்கு, ‘ஐயா, உங்களைச் சந்திக்க நேரம் வேண்டும்’ என்ற ஒற்றை வரி மின்னஞ்சலை அனுப்ப முடியவில்லை. எழுதி எழுதி அழித்த மின்னஞ்சல்கள் அவரது பெட்டியில் கிடந்தன. துறையில் அதற்கு என்ன பெயர் தெரியுமா? திமிர். ‘வேலையெல்லாம் நல்லாத்தான் செய்யறான், மரியாதைதான் தெரியல’ என்றார்கள். நோயின் அறிகுறியைப் பார்த்துச் சாதியின் அகராதியில் பொருள் தேடினார்கள்.

அடுத்தது 1995இல் சோன்யா லுபோமிர்ஸ்கியும் சூசன் நோலன் ஹோக்சீமாவும் வெளியிட்ட ஆய்வு. மனச்சோர்வு நிலையில் இருந்த மாணவர்களில் ஒரு பகுதியினரைத் தங்கள் மனநிலையைப் பற்றியே அசைபோட வைத்தார்கள். இன்னொரு பகுதியினரின் கவனத்தைச் சிறிது நேரம் வேறு பக்கம் திருப்பினார்கள். பிறகு மனிதச் சிக்கல்களுக்குத் தீர்வு கேட்டார்கள். அசைபோட்டவர்களின் தீர்வுகள் மோசமாக இருந்தன. கவனம் திரும்பியவர்களோ மனச்சோர்வே இல்லாதவர்களுக்கு ஈடாகத் தீர்வு சொன்னார்கள்.

இதன் பொருளை நிறுத்தி யோசிக்க வேண்டும். திறன் அங்கேயேதான் இருந்தது. பாரத்தைக் கொஞ்சம் இறக்கி வைத்ததும் வெளியே வந்துவிட்டது. அப்படியானால் ‘திறன் இல்லாதவருக்குத் திறன் பயிற்சி’ என்ற அடித்தளமே ஆட்டம் காண்கிறது. அழுத்திக்கொண்டிருக்கும் கையை எடுக்காமல், அழுத்தப்பட்டவருக்கு மூச்சுப் பயிற்சி சொல்லித் தருவதற்கு என்ன பெயர்?

கதையின் முடிவை எழுதியவர் யார்?

மனிதச் சிக்கல்களைத் தீர்க்கும் திறனை அளக்க உளவியலில் அதிகம் பயன்பட்ட கருவி, ஜெரோம் பிளாட், ஜார்ஜ் ஸ்பிவாக் ஆகியோர் 1970களில் உருவாக்கியது. சின்னச் சின்னக் கதைகள். தொடக்கமும் முடிவும் கொடுக்கப்பட்டிருக்கும், நடுவில் நடந்ததை நாம் சொல்ல வேண்டும். ஒரு கதை இப்படிப் போகும்: ஒருவர் புதிய இடத்துக்குக் குடிவருகிறார். அங்கே அவருக்கு யாரையும் தெரியாது. கதையின் முடிவில் அவருக்கு நிறைய நண்பர்கள், சொந்த ஊர் போல் உணர்கிறார். இடையில் என்ன செய்தார்? எத்தனை வழி சொல்கிறோமோ, அவை எவ்வளவு பயனுள்ளவையோ, அதற்கேற்ப மதிப்பெண்.

இதே கதையை இந்தியாவில் ஒருவர் வாழ்ந்து பார்த்திருக்கிறார். கொலம்பியா பல்கலைக்கழகத்திலும் லண்டனிலும் படித்துவிட்டு 1917இல் பரோடா அரசில் பணியில் சேரப் போனார் அண்ணல் அம்பேத்கர். தங்க இடமில்லை. பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயரில் தங்கினார். பதினோராம் நாள் தடிகளோடு வந்த கூட்டம் வெளியேற்றியது. இந்து நண்பர் ஒருவரிடம் கேட்டார், தன் வீட்டு வேலைக்காரர்கள் போய்விடுவார்கள் என்றார் அவர். கிறித்தவ நண்பரிடம் கேட்டார், மனைவியைக் கேட்க வேண்டும் என்றார் அவர். பொதுப் பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு இரவு ரயிலில் பம்பாய் திரும்பினார். ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ என்ற அவரது தன்வரலாற்றுக் குறிப்பில் இதைப் படிக்கலாம்.

வழிகளை எண்ணிப் பாருங்கள். மாற்றுப் பெயர் ஒன்று, நண்பர்கள் இருவர், அரசு வீட்டுக்கான முயற்சி ஒன்று. அந்தச் சோதனையில் உட்கார வைத்திருந்தால் அம்பேத்கர் நல்ல மதிப்பெண்தான் வாங்கியிருப்பார். ஆனால் வாழ்க்கையில் ஓர் அறை கிடைக்கவில்லை. வழிகளில் குறை இருக்கவில்லை. ‘நிறைய நண்பர்கள், சொந்த ஊர் போல்’ என்ற முடிவு அந்த ஊரில் அவருக்காக எழுதப்பட்டிருக்கவில்லை.

நான் சொல்ல வருவது இதுதான். நல்ல முடிவு எல்லோருக்கும் திறந்திருக்கிறது, நடுவில் உள்ள வழியைக் கண்டுபிடிப்பது மட்டுமே உன் வேலை என்று இந்தச் சோதனை எடுத்துக்கொள்கிறது. நம் பல்கலைக்கழகங்களின் ஆலோசனை மையங்களும் அப்படியே எடுத்துக்கொள்கின்றன. ‘அவங்க என்கூட பேசமாட்டாங்க’ என்று ஒரு தலித் மாணவர் சொன்னால், எதிர்மறைச் சிந்தனை என்று குறித்துக்கொள்கிறார் ஆலோசகர். அது எதிர்மறைச் சிந்தனையா, கள நிலவரமா என்று விசாரிக்க அவருக்குக் கருவி கிடையாது, பல நேரங்களில் விருப்பமும் கிடையாது.

2006இல் அமைக்கப்பட்டு 2007இல் அறிக்கை தந்த தோரட் குழு, டெல்லி எய்ம்ஸ் நிறுவனத்தில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் விடுதியில் தனித்த தளங்களில் ஒதுங்க நேர்ந்ததையும், ஆசிரியர்களின் ஆதரவு அவர்களுக்கு மறுக்கப்பட்டதையும், தேர்வுகளில் பாகுபாடு இருப்பதாக அவர்கள் சொன்னதையும் பதிவு செய்தது. நாட்டின் முதன்மை மருத்துவ நிறுவனத்திலேயே நிலைமை இதுதான் என்றால், ‘யாருடனும் பழகமாட்டார்’ என்ற வாக்கியத்தில் எழுவாய் யார்? பழகாதவர் அவரா, அவரோடு பழக மறுத்தவர்களா?

‘தனிநபர் உறவு’ என்ற பசப்பு

சில மாதங்களுக்கு முன் எங்கள் வளாகத்தில் இரண்டு நாள் பயிலரங்கு ஒன்று நடந்தது. தலைப்பு, நெறியாளர் – ஆய்வாளர் உறவை மேம்படுத்துதல். உதவித்தொகை பெறும் பட்டியல் சாதி, பழங்குடி ஆய்வாளர்களுக்கு வருகை கட்டாயம். நெறியாளர்கள் ஒருவரும் அழைக்கப்படவில்லை. உறவு என்றால் இரண்டு பேர் வேண்டுமே, அதில் ஒரு தரப்புக்கு மட்டும் ஏன் பயிற்சி என்று யாருக்கும் தோன்றவில்லை. ‘சந்திப்பைப் புன்னகையோடு தொடங்குங்கள்’ என்று பயிற்சியாளர் திரையில் காட்டியபோது, பின்வரிசையில் இருந்த முதலாண்டுத் தங்கை ஒருத்தி எழுந்து கேட்டாள்: ‘சார், கதவே திறக்கலைன்னா யாரப் பாத்துச் சிரிக்கறது?’ அரங்கம் சிரித்தது. பதில் வரவில்லை.

அந்தத் தங்கை கேட்டது நகைச்சுவை அல்ல, அரசியல். ஆய்வாளருக்கும் நெறியாளருக்கும் இருப்பதை ‘தனிநபர் உறவு’ என்று அழைப்பதே பெரும் பசப்பு. உதவித்தொகை மாதாமாதம் நிறுவனத்தின் உறுதிப்படுத்தலுக்குப் பிறகுதான் வருகிறது. இளநிலை உதவித்தொகை முதுநிலையாக உயர வேண்டுமானால் நெறியாளர் அங்கம் வகிக்கும் குழு பரிந்துரைக்க வேண்டும். முன்னேற்ற அறிக்கை, கருத்தரங்கப் பயணம், ஆய்வுச் சுருக்கம், வைவா எல்லாவற்றுக்கும் ஒரே கையெழுத்து. நெறியாளரை மாற்ற வேண்டும் என்றாலும் பல பல்கலைக்கழகங்களில் இப்போதிருக்கும் நெறியாளரிடமே தடையின்மைச் சான்று வாங்கி வர வேண்டும். யார்மீது குறையோ அவரிடமே அனுமதிக் கடிதம்! பண்ணையாரை விட்டுப் போக பண்ணையாரிடமே சீட்டு வாங்கும் முறைக்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

உதவித்தொகையை நம்பித்தான் ஊரில் தம்பி தங்கைகளின் படிப்பும், அம்மாவின் மாத்திரையும், நகைக்கடன் வட்டியும் இருக்கின்றன. ரோஹித் வெமுலா இறந்தபோது அவருக்கு ஏழு மாத உதவித்தொகை பாக்கி. அதே ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் 2008இல் நம் சேலத்து செந்தில்குமாரை இழந்தோம். இயற்பியல் ஆய்வுக்குச் சேர்ந்த அவருக்கு நெறியாளரே ஒதுக்கப்படாமல் இருந்தது அப்போது பெரும் விவாதமானது. இல்லாத நெறியாளரோடு எப்படி உறவை மேம்படுத்துவது என்று எந்தப் பயிலரங்கு சொல்லித் தரும்?

2018 முதல் 2023 வரையிலான ஐந்தாண்டுகளில் மத்தியப் பல்கலைக்கழகங்கள், ஐஐடி, ஐஐஎம்களிலிருந்து பட்டியல் சாதி, பழங்குடி, இதர பிற்படுத்தப்பட்ட மாணவர்கள் 13,000 பேருக்கும் மேல் இடையில் வெளியேறியதாக ஒன்றிய அரசே நாடாளுமன்றத்தில் சொன்னது. வேறு படிப்புக்கோ வேலைக்கோ போயிருக்கலாம் என்ற விளக்கத்தோடுதான் சொன்னார்கள். சிலர் அப்படிப் போயிருக்கலாம். 13,000 பேரும் அப்படித்தான் போனார்கள் என்று நம்ப நாம் தயாராக இல்லை.

‘புகார் வரவில்லை’

இப்போது முதல் வாக்கியத்துக்கு வருவோம். புகார் கொடுக்க என்னவெல்லாம் வேண்டும்? நடந்த தேதி, நேரம், இடம், சொன்ன சொல், சாட்சி. மனச்சோர்வு முதலில் கைவைப்பதே இந்த நினைவில்தான். 1986இல் மார்க் வில்லியம்ஸும் பிராட்பென்ட்டும் தற்கொலைக்கு முயன்று பிழைத்தவர்களிடம் நடத்திய ஆய்வு இதைக் காட்டியது. ஒரு குறிப்பிட்ட நிகழ்வைச் சொல்லுங்கள் என்றால் அவர்களால் பொதுப்படையாகத்தான் சொல்ல முடிந்தது. ‘அந்தச் செவ்வாய்க்கிழமை மதியம்’ என்பதற்குப் பதிலாக ‘எப்பவும் இப்படித்தான்’ என்று வரும். இப்படி நினைவு பொதுப்படையாகிப் போவதற்கும் சிக்கல்களுக்குத் தீர்வு காண முடியாமல் போவதற்கும் தொடர்பு உண்டு என்று 1992இல் வந்த மற்றொரு ஆய்வு சொன்னது. சரிதானே? போன முறை என்ன செய்து தப்பித்தோம் என்ற குறிப்பான நினைவுதானே இந்த முறைக்கு வழி காட்டும்?

ஆக, சாதியப் பாகுபாடு ஒருவரை மனச்சோர்வில் தள்ளுகிறது. மனச்சோர்வு அவரது குறிப்பான நினைவையும் முன்கை எடுக்கும் தெம்பையும் பறிக்கிறது. பிறகு நிறுவனம் குறிப்பான நினைவும் முன்கையும் இருந்தால் மட்டுமே நிரப்பக்கூடிய படிவம் ஒன்றை நீட்டிவிட்டு, யாரும் நிரப்பவில்லை, ஆகவே இங்கே பாகுபாடு இல்லை என்கிறது. காலை உடைத்துவிட்டு, மாடியில் இருக்கும் மருத்துவமனைக்கு நீயே ஏறி வந்திருக்கலாமே என்பது போன்ற நியாயம் இது.

இன்னொன்று. புகார் கொடுத்தவர்கள் பிழைத்தார்களா? ரோஹித்தும் தோழர்களும் மனு கொடுத்தார்கள், போராடினார்கள், விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டபோது வளாகத்திலேயே ‘வெலிவாடா’ அமைத்துத் தங்கினார்கள். மும்பையில் பழங்குடிச் சமூகத்து மருத்துவர் பாயல் தட்வியின் குடும்பத்தார், அவர் 2019 மே மாதம் இறப்பதற்கு முன்பே முறையிட்டதாகச் சொன்னார்கள். பேசியவர்களுக்கும் கேட்கும் காது இல்லை. 2023 பிப்ரவரியில் பம்பாய் ஐஐடியில் தர்ஷன் சோலங்கி என்ற முதலாண்டு தலித் மாணவர் இறந்தபோது, உள்விசாரணைக் குழு சாதிப் பாகுபாட்டுக்கு ஆதாரமில்லை என்றது, படிப்பில் அவரது சரிவைச் சுட்டிக்காட்டியது. சரிவு எதன் விளைவு என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை. பேசினால் கலகக்காரர், பேசாவிட்டால் திறனற்றவர். எந்தப் பக்கம் போனாலும் குற்றவாளி நாம்தான்.

நம் தரப்புக்கும் ஒரு சொல்

இதை எழுதும்போது நம் இயக்கத் தோழர்கள் சிலர் சொல்வதையும் விட்டுவிட முடியாது. ‘மனச்சோர்வெல்லாம் நடுத்தர வர்க்கத்து நோய்’, ‘போராட்டம்தான் மருந்து’, ‘சாதி ஒழிந்தால் எல்லாம் சரியாகும்’. இவை நல்ல எண்ணத்தில் சொல்லப்படுபவைதான். ஆனால் ஆபத்தானவை. சாதி காரணமாக வந்தது என்பதால் மனச்சோர்வு நோய் இல்லை என்று ஆகிவிடாது. ஆலைப் புகையால் வந்த நுரையீரல் நோய்க்கும் மாத்திரை வேண்டும், ஆலைக்கு எதிரான போராட்டமும் வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறுப்பது எந்தப் பகுத்தறிவிலும் சேராது. கூட்டத்துக்கு வராத தோழரைச் சந்தர்ப்பவாதி என்று முத்திரை குத்துவதற்கு முன், அவர் அறைக் கதவைத் தட்டிப் பாருங்கள். கூட அழைத்துப்போய் மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற டெலிமானஸ் எண்ணை உங்கள் சுவரொட்டியின் ஓரத்தில் அச்சிடுங்கள். அதனால் புரட்சி ஒன்றும் தள்ளிப்போகாது.

அதே மூச்சில் இன்னொன்றும் சொல்வேன். தனியே அசைபோடுவதிலிருந்து ஒருவரை வெளியே இழுத்து, ‘உனக்கு மட்டும் இல்லடா, எனக்கும் இதே நடந்துச்சு’ என்று சொல்லும் இடங்கள் எவை? அம்பேத்கர் – பெரியார் வாசிப்பு வட்டங்கள், தலித் மாணவர் அமைப்புகள், தேநீர்க் கடை மேசைகள். ஒருவரது மங்கலான ‘எப்பவும் இப்படித்தான்’ பத்துப் பேர் பேசும்போது தேதியும் இடமும் உள்ள சாட்சியமாகிறது. ஒருவருக்குத் தோன்றாத வழி இன்னொருவருக்குத் தோன்றுகிறது. அப்படிப்பட்ட இடங்களை நிர்வாகங்கள் என்ன செய்கின்றன? 2015 மே மாதம் சென்னை ஐஐடியில் அம்பேத்கர் பெரியார் வாசிப்பு வட்டத்தின் அங்கீகாரத்தை நீக்கினார்கள். நாடு முழுக்க எதிர்ப்பு எழுந்த பிறகே திருப்பித் தந்தார்கள். இலவசமாகக் கிடைக்கும் மருந்தைத் தடை செய்துவிட்டு, காசு கொடுத்துப் புன்னகைப் பயிற்சியாளரைக் கூட்டிவருகிறார்கள்.

செய்ய வேண்டியது

ரோஹித்தின் தாய் ராதிகா வெமுலாவும் பாயலின் தாய் அபேதா தட்வியும் 2019இல் தொடுத்த வழக்கு, பல்கலைக்கழக மானியக் குழுவின் 2012 சமத்துவ விதிமுறைகள் காகிதத்திலேயே கிடந்ததை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் மாணவர் தற்கொலைகளை ஆராய ஓய்வுபெற்ற நீதிபதி ரவீந்திர பட் தலைமையில் தேசியப் பணிக்குழு ஒன்றை அமைத்தது. குழுக்கள் வரட்டும். நாம் கேட்க வேண்டியதைத் தெளிவாகக் கேட்போம்.

உதவித்தொகையை நெறியாளரின் தயவிலிருந்து பிரித்தெடுங்கள். கல்வி மதிப்பீடு வேறு, மாதச் சோறு வேறு.

நெறியாளர் மாற்றத்தை உரிமையாக்குங்கள். இருப்பவரின் சம்மதம் அதற்கு நிபந்தனையாக இருக்கக் கூடாது.

பாதிக்கப்பட்டவர் சார்பாக நண்பரோ, குடும்பமோ, மாணவர் அமைப்போ புகார் தர வழி செய்யுங்கள். வாய்மொழியாகச் சொல்வதையும் பதிவு செய்யுங்கள். தேதி, இடம், சாட்சி தேடுவது விசாரிக்கும் குழுவின் வேலை.

மனச்சோர்வுக்கான மருத்துவ விடுப்பை ஆய்வுக் காலக்கெடுவில் கழித்துக்கொள்ளுங்கள், உதவித்தொகையை நிறுத்தாதீர்கள்.

ஆலோசனை மையங்களை நிர்வாகத்தின் கையிலிருந்து விடுவியுங்கள். இடஒதுக்கீட்டை வெறுப்பவர் அந்த நாற்காலியில் உட்காரக் கூடாது. ஒடுக்கப்பட்ட சமூகங்களிலிருந்து வந்த உளவியலாளர்களை நிரந்தரப் பணியில் அமர்த்துங்கள்.

திறன் பயிற்சி கட்டாயம் வேண்டும் என்றால், அதை முதலில் நெறியாளர்களுக்கும் துறைத் தலைவர்களுக்கும் விடுதிக் காப்பாளர்களுக்கும் நடத்துங்கள். சாதி கேட்காமல் ஒரு மாணவரோடு பேசுவது எப்படி, கதவைத் திறப்பது எப்படி, ஏழு மாதமாக வராத ஆய்வாளரைத் தானே தேடிப்போய் ‘என்னப்பா, நல்லா இருக்கியா’ என்று கேட்பது எப்படி என்று கற்றுக்கொடுங்கள். மனிதச் சிக்கலைத் தீர்க்கும் திறன் அவர்களிடம்தான் பல தலைமுறைகளாகக் குறைந்து கிடக்கிறது. நாங்கள் தேர்வு எழுதி உள்ளே வந்தவர்கள். இனி அவர்கள் எழுதட்டும்.